ஜார்ஜ் டவுன் பாரம்பரிய நகரில் வருகையாளர் விருப்பங்கள்

ஒரு பாரம்பரிய நகருக்கு வருவோர் எவற்றைத் தேடிச் செல்கின்றனர், எங்கே நேரத்தையும் பணத்தையும் செலவிடுகின்றனர், எவற்றைக் கவனிக்காமல் கடந்து செல்கின்றனர் என்பவை ஒன்றாக வருகையாளர் விருப்பங்கள் எனப்படுகின்றன. மலேசியாவின் பினாங்குத் தீவில் அமைந்துள்ள ஜார்ஜ் டவுன், இவ்விருப்பங்கள் ஒரு நகரை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை அறிய உதவும் சிறந்த எடுத்துக்காட்டாகும். சென்னையிலும் ஜார்ஜ் டவுன் என்ற பெயரில் ஒரு பகுதி உண்டு; இக்கட்டுரை பினாங்கிலுள்ள நகரைப் பற்றியது.

தொல்லியல் களங்களும் கோட்டைகளும் பெரும்பாலும் மக்கள் வசிக்காத இடங்கள். நகர்ப்புறப் பாரம்பரியக் களமோ மக்கள் குடியிருக்கும் இடம். அங்கே ஒரே தெருவில் வீடு, கடை, கோயில், பள்ளிவாசல், தேநீர்க் கடை ஆகிய அனைத்தும் இருக்கும். அத்தெருவுக்கு வருகையாளர் வருவது அவற்றைப் பார்ப்பதற்காக. ஆனால், அவர்கள் மிகுதியாக விரும்பும் இடங்களில் வாடகை உயர்கிறது, கடைகள் மாறுகின்றன, குடியிருப்போர் வெளியேறுகின்றனர். இதனால் வருகையாளர் விருப்பம் என்பது சுற்றுலாத் துறையின் கணக்கோடு முடியாமல், நகரப் பாதுகாப்போடும் தொடர்புடைய செய்தியாகிறது.

பின்னணி

1786 ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஒரு வணிகத் துறைமுகத்தை நிறுவினார். மலாக்கா நீரிணையின் வடக்கு வாயிலில் அமைந்த இத்துறைமுகத்தில் மலாய்க்காரர், சீனர், தமிழ் முஸ்லிம்கள், பிற இந்தியர், ஆச்சே நாட்டவர், அரபியர், ஆர்மீனியர், ஐரோப்பியர் எனப் பல இனத்தவர் குடியேறினர். கீழே கடையும் மேலே வீடும் கொண்ட கடைவீடுகள் இந்நகரின் முதன்மைக் கட்டட வகையாயின.

2008 சூலை 7 அன்று ஜார்ஜ் டவுனும் மலாக்கா நகரும் இணைந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஜார்ஜ் டவுனின் மையப் பகுதி 109.38 எக்டேர் பரப்பும், அதைச் சூழ்ந்த காப்பு வளையம் 150.04 எக்டேர் பரப்பும் கொண்டவை. பல பண்பாட்டினர் கலந்து வாழ்ந்த வணிக நகரமாக இருந்தமை, அப்பண்பாடுகள் இன்றும் நடைமுறையில் இருக்கின்றமை, கடைவீடுகளின் தனித்தன்மை ஆகிய மூன்றும் இத்தகுதிக்கு அடிப்படையாக அமைந்தன. இவற்றுள் இரண்டாவது காரணம் கட்டடங்களை விட அவற்றில் வாழும் மனிதர்களையே சார்ந்தது.

அளவிடும் முறைகள்

வருகையாளர் விருப்பங்களை அறிய ஆய்வாளர்கள் இரு வழிகளைக் கையாளுகின்றனர்.

முதலாவது, விருப்பத்தைக் கேட்டறிதல். வினாத்தாள், நேர்காணல் ஆகியவை இவ்வகையின. தேர்வுச் சோதனை என்ற முறையும் இதில் அடங்கும். இம்முறையில் விடையளிப்பவர் முன் கற்பனையான சில தொகுப்புகள் வைக்கப்படும். எடுத்துக்காட்டாக, ஒரு தொகுப்பில் வழிகாட்டியுடன் கூடிய நடைப்பயணமும் நுழைவுக் கட்டணமும் இருக்கும். மற்றொன்றில் கட்டணம் இல்லை, ஆனால் வழிகாட்டியும் கூட்டக் கட்டுப்பாடும் இருக்கா. எதைத் தேர்கிறார் என்பதைக் கொண்டு அமைதி, விளக்கம், நிழல், விலை ஆகிய ஒவ்வொன்றுக்கும் அவர் தரும் மதிப்பு கணக்கிடப்படுகிறது.

இரண்டாவது, நடத்தையிலிருந்து அறிதல். நுழைவுச்சீட்டு எண்ணிக்கை, கைப்பேசி இடங்காட்டித் தரவு, சமூக ஊடகங்களில் இடக்குறிப்புடன் பதிவேற்றப்படும் ஒளிப்படங்கள், மதிப்புரைத் தளங்களில் எழுதப்படும் கருத்துகள் ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. வருகையாளரிடம் ஒரு ஒளிப்படக் கருவியைக் கொடுத்து அவர் விரும்பியதைப் படமெடுக்கச் செய்து, பின்னர் அப்படங்களைப் பற்றி உரையாடும் முறையும் உண்டு.

இவ்விரு வழிகளும் ஒரே விடையைத் தருவதில்லை. கேட்கும்போது "வரலாறு", "பண்பாடு" என்று சொல்வது மதிப்பாகத் தோன்றுவதால் பலரும் அவ்வாறே விடையளிப்பர். அதே மனிதர் நாளின் பெரும்பகுதியை உணவுக் கடைகளிலும் படமெடுக்கும் இடங்களிலும் கழித்திருக்கலாம். நடத்தைத் தரவுக்கும் குறைகள் உள்ளன. படம் எடுக்கத் தடையுள்ள வழிபாட்டிடத்தில் ஒருவர் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தாலும், அது ஒளிப்படத் தரவில் தோன்றாது. முதியவர்களும் சமூக ஊடகங்களைப் பயன்படுத்தாதவர்களும் அதில் விடுபட்டுப் போவர். எனவே இரு வழிகளையும் இணைத்துப் பார்ப்பதே முறையானது.

வருகையாளர் வகைகள்

பாரம்பரியக் களத்துக்கு வருவோர் அனைவரும் ஒரே நோக்கத்துடன் வருவதில்லை. பாப் மெக்கர்ச்சர், ஹிலாரி டு குரோஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2002 இல் வெளியிட்ட பண்பாட்டுச் சுற்றுலா பற்றிய நூலில் ஐந்து வகைப் பயணியரைச் சுட்டினர். பயணத்தைத் தீர்மானித்ததில் பண்பாட்டுக்கு எவ்வளவு பங்கு, கிடைத்த பட்டறிவு எவ்வளவு ஆழமானது என்ற இரண்டு அளவுகோல்களைக் கொண்டு இவ்வகைப்பாடு அமைந்தது.

1. நோக்கமுடையோர்: பண்பாட்டை அறியவே வந்து, ஆழமாக அறிந்து செல்வோர்.
2. காட்சி காண்போர்: பண்பாட்டுக்காகவே வந்தாலும் முக்கிய இடங்களை மேலோட்டமாகப் பார்த்துச் செல்வோர்.
3. மிதமான ஆர்வமுடையோர்: பண்பாடு ஓரளவு காரணமாக அமைய, மேலோட்டமாகப் பார்ப்போர்.
4. உடன்நிகழ்வாகக் காண்போர்: வேறு காரணத்துக்காக வந்து, வழியில் தென்படுவதைப் பார்ப்போர்.
5. எதிர்பாராது ஈடுபடுவோர்: வேறு காரணத்துக்காக வந்து, எதிர்பாராமல் ஆழ்ந்த ஈடுபாடு கொள்வோர்.

ஜார்ஜ் டவுனில் இந்த ஐந்து வகையினரையும் காணலாம். சீனக் குலமனைகளின் மரச்செதுக்கலை ஆராய வரும் மாணவர் முதல் வகை. சுவெட்டன்காம் துறைமுகத்தில் நிற்கும் உல்லாசக் கப்பலிலிருந்து இறங்கிச் சில மணி நேரத்தில் திரும்புபவர் பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் வகையில் அடங்குவார். கோலாலம்பூரிலிருந்து வார இறுதியில் உணவுக்காக வரும் குடும்பம் நான்காம் வகை. அக்குடும்பத்தில் ஒருவர் தற்செயலாக நுழைந்த பள்ளிவாசலின் வரலாற்றில் ஆர்வம் கொண்டால் அவர் ஐந்தாம் வகைக்கு மாறுகிறார். ஆகவே இவ்வகைகள் நிலையானவை அல்ல. நல்ல விளக்கமும் வழிகாட்டலும் ஒருவரை ஒரு வகையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றக்கூடும்.

முதன்மை விருப்பங்கள்

சுவரோவியங்கள்

2012 இல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகரேவிச் நகரின் பழைய சுவர்களில் சில ஓவியங்களை வரைந்தார். ஆர்மீனியன் தெருவில், சுவரில் பொருத்தப்பட்ட உண்மையான மிதிவண்டியில் இரு சிறுவர்கள் அமர்ந்திருப்பது போன்ற ஓவியம் இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது. ஆ குவி தெருவில் பழைய மோட்டார் சைக்கிளுடன் இணைத்து வரையப்பட்ட ஓவியமும் நன்கு அறியப்பட்டது. தெருக்களின் வரலாற்றை நகைச்சுவையுடன் சொல்லும் 52 இரும்புக்கம்பிச் சித்திரங்களும் நகரெங்கும் நிறுவப்பட்டுள்ளன.

மிதிவண்டி ஓவியத்தின் முன் படமெடுக்க மக்கள் வரிசையில் நிற்பது வழக்கமான காட்சி. அதே தெருவின் 120 ஆம் எண் வீடு, சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட் சென் 1910 இல் தம் இயக்கத்தின் தளமாகப் பயன்படுத்திய இடம். இன்று அது அருங்காட்சியகமாக உள்ளது. ஓவியத்தைத் தேடி வருவோரில் பலர் அவ்வீட்டைக் கவனிப்பதில்லை. யுனெஸ்கோ தகுதி கிடைத்து நான்கு ஆண்டுகள் கழித்து வரையப்பட்ட ஓவியங்கள் அத்தகுதியின் பகுதி அல்ல. எனினும் நகரின் அடையாளமாக உலகெங்கும் பரவிய படங்கள் அவையே.

சுவரோவியம் இவ்வளவு விரும்பப்படுவதற்கு எளிய காரணங்கள் உள்ளன. அதற்குக் கட்டணம் இல்லை, திறப்பு நேரம் இல்லை, முன்னறிவு தேவையில்லை, பார்ப்பவர் தாமும் அதில் ஒரு பகுதியாகிப் படமெடுத்துக் கொள்ளலாம். சிதறிக் கிடக்கும் ஓவியங்களைத் தேடுவது குழந்தைகளுக்கும் விளையாட்டாக அமைகிறது. குலமனையின் தூண் செதுக்கலைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் யாராவது விளக்கிச் சொல்ல வேண்டும்.

உணவு

பினாங்கின் தெருவோர உணவு பலருக்குப் பயணத்தின் முதற்காரணமே ஆகும். சார் குவே தியாவ், அசாம் லக்சா, செண்டோல், நாசி கண்டார் ஆகியவை பெயர் பெற்றவை. நாசி கண்டார் தமிழ் முஸ்லிம் வணிகர்களிடமிருந்து தோன்றியது. சோறும் குழம்பும் நிறைந்த பாத்திரங்களைக் காவடித் தண்டின் இரு முனைகளிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்றதால் இப்பெயர் ஏற்பட்டது. மலாய் மொழியில் நாசி என்பது சோற்றையும், கண்டார் என்பது தோளில் தண்டு வைத்துச் சுமப்பதையும் குறிக்கும்.

உணவில் வருகையாளர் முதன்மையாக எதிர்பார்ப்பது அசல் தன்மை. இதைக் கருத்தில் கொண்டு, தெருவோரக் கடைகளில் உள்ளூர் உணவுகளை வெளிநாட்டினர் முதன்மைச் சமையல்காரராக இருந்து சமைப்பதற்குப் பினாங்கு மாநில அரசு 2016 முதல் தடை விதித்தது. புலம்பெயர்ந்தோர் கொண்டுவந்த உணவுகளாலேயே புகழ்பெற்ற ஒரு நகரில் இத்தகைய தடை பொருந்துமா என்ற கேள்வியும் இதனால் எழுந்தது.

மாளிகைகளும் குலமனைகளும்

நீல மாளிகை என அறியப்படும் சியோங் பாட் சி மாளிகை, பினாங்கு பெரனக்கான் மாளிகை, கூ குலத்தவரின் கூ கோங்சி ஆகியவை கட்டணம் செலுத்திப் பார்க்கும் இடங்களுள் முன்னணியில் உள்ளன. பாழடைந்திருந்த நீல மாளிகை சீரமைக்கப்பட்டு, 2000 ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. ஆயினும் 2018 இல் வெளிவந்த "கிரேசி ரிச் ஏசியன்ஸ்" திரைப்படத்தின் மாஜோங் ஆட்டக் காட்சி அங்கே எடுக்கப்பட்ட பின்னரே பலர் அம்மாளிகையை அறிந்தனர். திரையில் கண்ட இடத்தை நேரில் காணும் விருப்பம், சுற்றுலா ஆய்வுகளில் தனியாக ஆராயப்படும் ஒன்றாகும்.

வழிபாட்டிடங்கள்

கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தெருவும் அதை ஒட்டிய பகுதிகளும் நல்லிணக்கத் தெரு என அழைக்கப்படுகின்றன. 1818 இல் கட்டப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயம், சீனரின் குவான் யின் கோயில், 1833 இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் முஸ்லிம்களுக்காக நிறுவப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் ஆகியவை இங்கு நடந்து செல்லும் தொலைவிலேயே அமைந்துள்ளன. அருகிலுள்ள நாகூர் தர்கா, தமிழகத்தின் நாகூர் ஆண்டவரை நினைவுகூரும் சிற்றிடம்.

உலகப் பாரம்பரியத் தகுதிக்கு மிக நெருக்கமான சான்று இத்தெருவே. ஆனால் வருகையாளரில் பலர் இவற்றை வெளியிலிருந்தே பார்த்துச் செல்கின்றனர். உள்ளே நுழையலாமா, எந்த உடை அணிய வேண்டும், படமெடுக்கலாமா என்ற தயக்கமே இதற்குப் பெரும் காரணம். வாயிலில் தெளிவான அறிவிப்பும், மேலங்கி வழங்கும் ஏற்பாடும், பேச ஒரு தன்னார்வலரும் இருந்தால் இத்தயக்கம் குறைகிறது.

படகுத்துறைக் குடியிருப்புகள்

வெல்டு குவே கடற்கரையில், கடல் நீரின் மேல் மரக்கால்கள் ஊன்றிக் கட்டப்பட்ட சீனக் குலக் குடியிருப்புகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் ஒரே குடும்பப் பெயருடையோர் வாழ்ந்தனர். இவற்றுள் பெரியதான சியூ படகுத்துறையே மிகுதியான பயணியரை ஈர்க்கிறது. அங்குள்ள வீடுகளில் சில நினைவுப் பொருள் கடைகளாக மாறிவிட்டன. வீட்டினுள் எட்டிப் பார்ப்பதும், கேட்காமல் படமெடுப்பதும் தொல்லையானதால், படமெடுக்க வேண்டாம் என்ற பலகைகளைக் குடியிருப்போர் வைத்துள்ளனர். ஒருவருக்குக் காட்சிப் பொருளாகத் தோன்றுவது மற்றொருவருக்கு அடுப்படி என்பதே இங்குள்ள சிக்கல்.

லிட்டில் இந்தியா

மார்க்கெட் தெரு, குயின் தெரு, பினாங்கு தெரு ஆகியவற்றைச் சுற்றியுள்ள பகுதி லிட்டில் இந்தியா எனப்படுகிறது. பூமாலை, புடவை, மளிகை, நகைக் கடைகள் இங்கு நிறைந்துள்ளன. இப்பகுதியின் வாடிக்கையாளர்களில் பெரும்பங்கினர் உள்ளூர்த் தமிழர்களே. தைப்பூசத்தின்போது பினாங்கு தெருவிலுள்ள நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைப் பகுதிக்கு வெள்ளி இரதம் புறப்படுகிறது. அந்நாளில் வரும் வெளிநாட்டினர் காண்பது சுற்றுலாவுக்காக அமைத்த நிகழ்ச்சி அன்று. பக்தர்கள் தமக்காக நடத்தும் விழா.

விருப்பத்தை வடிவமைக்கும் காரணிகள்

இடத்தின் சிறப்பு மட்டுமே விருப்பத்தைத் தீர்மானிப்பதில்லை. பின்வரும் காரணிகளும் அதில் பங்கு கொள்கின்றன.

வெயிலும் மழையும்: ஆண்டு முழுவதும் பகல் வெப்பநிலை 30 பாகை செல்சியசைத் தாண்டும் இந்நகரில், நண்பகலில் நடப்பது கடினம். கடைவீடுகளின் முன் மாடியடியில் அமைந்த ஐந்தடிப் பாதைகள் இதற்காகவே உருவானவை. ஆனால் பல இடங்களில் கடைச் சரக்குகளும் மோட்டார் சைக்கிள்களும் அப்பாதையை அடைத்து நிற்கின்றன. பாதை அடைபட்ட தெருவில் எவ்வளவு சிறந்த கட்டடம் இருந்தாலும் நடப்போர் குறைவர்.

நேரம்: நகரில் சில மணி நேரமே தங்குபவர், எல்லாரும் பார்த்த ஐந்தாறு இடங்களையே தேர்வார். மூன்று நாள் தங்குபவரே பக்கத் தெருக்களுக்குள் நுழைகிறார்.

முன்பார்வை: பயணிகள் ஓரிடத்தைக் காணும் முன்னரே அதன் படங்களைக் கண்டுவிடுகின்றனர். ஆங்கிலச் சமூகவியலாளர் ஜான் அர்ரி 1990 இல் எழுதிய நூலில், பயணியரின் பார்வை சமூகத்தால் முன்கூட்டியே வடிவமைக்கப்படுகிறது என்று விளக்கினார். கைப்பேசிக் காலத்தில் இது மேலும் வலுப்பெற்றுள்ளது.

அசல் தன்மை பற்றிய எண்ணம்: அமெரிக்க ஆய்வாளர் டீன் மெக்கனல் 1970களில் முன்வைத்த "அரங்கேற்றப்பட்ட அசல் தன்மை" என்ற கருத்து இங்குப் பொருந்துகிறது. பயணியர் திரைக்குப் பின்னாலுள்ள உண்மை வாழ்வைக் காண விழைகின்றனர். அவ்விழைவை நிறைவேற்ற, உண்மை வாழ்வைப் போலவே தோன்றும் ஒரு முகப்பு அவர்களுக்காகக் கட்டமைக்கப்படுகிறது. பழைய காப்பிக்கடையின் தோற்றத்தில் புதிதாகத் திறக்கப்படும் உணவகம் இதற்கு எடுத்துக்காட்டு.

விருப்பங்களின் விளைவுகள்

ஜார்ஜ் டவுனின் கடைவீடுகள் நெடுங்காலம் இடிபடாமல் நின்றதற்கு 1966 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு முக்கியக் காரணம். வாடகை மிகக் குறைவாக இருந்ததால் உரிமையாளர்கள் அவற்றைப் பழுதுபார்க்கவில்லை. இடித்துக் கட்டவும் இயலவில்லை. குறைந்த வருமானமுள்ள குடும்பங்களும் சிறு கைவினைஞர்களும் நகர மையத்தில் வாழ முடிந்தது. 1997 இல் இயற்றப்பட்ட நீக்கச் சட்டத்தின்படி, 1999 இறுதியுடன் இப்பாதுகாப்பு முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியதும் பலர் நகரை விட்டு வெளியேறினர்.

எனவே குடியிருப்போரின் வெளியேற்றம் சுற்றுலாவால் தொடங்கியதன்று. ஆனால் 2008 க்குப் பின் வருகையாளர் விருப்பம் அதை வேகப்படுத்தியது. காலியான கடைவீடுகள் சிறு விடுதிகளாகவும் காப்பியகங்களாகவும் நினைவுப் பொருள் கடைகளாகவும் மாறின. ஊதுவத்தி செய்பவர், பிரம்பு பின்னுபவர், பெயர்ப்பலகை செதுக்குபவர், சொங்கோக் தொப்பி தைப்பவர் போன்றோரின் தொழிலில் அவ்வாடகையைக் கொடுக்கும் அளவுக்கு வருமானம் இல்லை. வருகையாளர் அவர்களைப் படமெடுத்துச் செல்வதால் அத்தொழிலுக்கு வருவாய் கிடைத்துவிடுவதும் இல்லை.

இதில் ஒரு முரண்பாடு உள்ளது. உயிருள்ள பல்பண்பாட்டு நகரைக் காணவே வருகையாளர் வருகின்றனர். அவர்களுக்கு வேண்டிய தங்குமிடமும் உணவகமும் பெருகப் பெருக, அந்நகருக்கு உயிர் கொடுத்தவர்களுக்கான இடம் சுருங்குகிறது. காலையில் கடை திறந்து, மாலையில் வாசலில் அமர்ந்து, இரவில் மாடியில் உறங்கும் மனிதர்கள் இல்லாத கடைவீடு, எவ்வளவு நேர்த்தியாகச் சீரமைக்கப்பட்டாலும், கடைவீட்டின் முகப்பு மட்டுமே.

மறுபுறம், வருகையாளர் வருகையால் கிடைத்த நன்மைகளையும் ஒதுக்க முடியாது. பறவைக்கூடு எடுப்பதற்காக உழவாரக் குருவி வளர்க்கும் கூடங்களாக மூடப்பட்டுக் கிடந்த கடைவீடுகள் பல இருந்தன. பாரம்பரியப் பகுதியில் அத்தொழிலுக்கு 2013 இறுதியுடன் தடை நடைமுறைக்கு வந்தது. பாழடைந்த கட்டடங்கள் சீரமைக்கப்பட்டதும், இளைஞர்கள் தொழில் தொடங்க நகர மையத்துக்குத் திரும்பியதும் சுற்றுலா வருவாயால் இயன்றவை.

மேலாண்மை

ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனம் 2010 இல் மாநில அரசால் அமைக்கப்பட்டது. தகுதி கிடைத்த காலத்திலேயே உயரமான விடுதிக் கட்டடத் திட்டங்கள் சர்ச்சைக்கு உள்ளாயின. பாரம்பரியப் பகுதியில் 18 மீட்டர் உயர வரம்பு பின்பற்றப்படுகிறது. கட்டடப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் சிறப்புப் பகுதித் திட்டம் 2016 இல் அரசிதழில் வெளியிடப்பட்டது. பினாங்கு பாரம்பரிய அறக்கட்டளை என்னும் தன்னார்வ அமைப்பு, மரபுக் கைவினைஞர்களைப் பாராட்டி விருது வழங்கி வருகிறது.

வருகையாளர் விருப்பத்தைக் கையாள்வதில் பொதுவாக மூன்று அணுகுமுறைகள் உள்ளன. விருப்பத்தை அப்படியே நிறைவேற்றுவது முதலாவது. புகழ்பெற்ற ஓவியத்துக்கு அருகில் மேலும் ஓவியங்களை வரைவது போன்றது இது. தடையும் கட்டணமும் விதித்துக் கட்டுப்படுத்துவது இரண்டாவது. மூன்றாவது, இருக்கும் விருப்பத்தைப் பயன்படுத்தி அடுத்த இடத்துக்கு வழிகாட்டுவது. மிதிவண்டி ஓவியத்துக்கு வருபவரை அதே தெருவிலுள்ள சுன் யாட் சென் வீட்டுக்கும், நாசி கண்டார் உண்ண வருபவரைக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கும் அழைத்துச் செல்வது இவ்வகையினது. இரும்புக்கம்பிச் சித்திரங்கள் தெருவின் வரலாற்றைக் கூறுவதால், படமெடுக்கும் விருப்பத்தையும் அறியும் விருப்பத்தையும் இணைக்கும் முயற்சியாக அவற்றைக் கருதலாம்.

2011 இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட வரலாற்று நகர்ப்புற நிலத்தோற்றம் பற்றிய பரிந்துரை, கட்டடங்களைத் தனித்தனியாகக் காக்காமல், அங்கு வாழும் சமூகத்தையும் பொருளாதாரத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும் என்கிறது. அதன்படி பார்த்தால், வருகையாளரின் நிறைவை மட்டும் அளவிடும் ஆய்வு அரைகுறையானது. எத்தனை குடும்பங்கள் இன்னும் மையப் பகுதியில் வாழ்கின்றன, எத்தனை மரபுத் தொழில்கள் நடக்கின்றன, ஒரு தெருவில் உள்ளூர்வாசிகளுக்கான மளிகைக்கடையும் முடிதிருத்தகமும் இருக்கின்றனவா என்பவற்றையும் அதனுடன் சேர்த்து அளவிட வேண்டும். இரு அளவுகளும் ஒன்றாக உயரும் தெருக்களில் சுற்றுலா நகருக்கு உதவுகிறது எனக் கொள்ளலாம். முதலாவது உயர்ந்து இரண்டாவது வீழும் தெருக்களில், வாடகை உதவியும் கடைவகைக் கட்டுப்பாடும் முதலில் தேவைப்படுகின்றன.